பின்பக்க ஷட்டர்

ஆட்டின் தொடையை அவள்தான் கீறினாள். கொழுந்தன் கத்தியை எடுத்தபோது, "வெறுங்கையால தொடாதே, மனுச வாசனை பட்டா கிட்டயே வராது" என்று அதட்டிவிட்டு, கணவரின் தோல் கையுறைகளை மாட்டிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கையுறைகள் அவளுக்குப் பெரிதாக இருந்தன. உள்ளே கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து உடல் வர இன்னும் நேரம் இருந்தது. வந்திருந்த பெண்களில் ஒருத்தி அவளைத் தேட, பின்னால் தனியாக அழுதுகொண்டிருப்பாள், விட்டுவிடுங்கள் என்று இன்னொருத்தி சொன்னாள்.

அவள் அழவில்லை. விடிகாலையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் மூச்சு அடங்கியபோதும் அழவில்லை. அந்தச் சிறுத்தை சாக வேண்டும், துடித்துச் சாக வேண்டும், அதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அதைத் தவிர வேறு நினைப்பு அவளுக்கு இல்லை.

"பொழுது சாயறதுக்குள்ள ஓடைப் பாறைகிட்ட வச்சுட்டு வந்துடறேன் அண்ணி. அங்கதான் தண்ணி குடிக்க வரும்" என்றான் கொழுந்தன். பூச்சிமருந்துப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினான். "போன வாரம் என் நாயைத் தூக்கிச்சு. நேத்து அண்ணனை. இனிமே அது இருக்கக் கூடாது."

நாயையும் அண்ணனையும் ஒரே மூச்சில் சொல்கிறானே என்று நினைத்தாள். ஆனாலும் அழுது வீங்கிய அவன் முகத்தைப் பார்த்தபோது, உலகத்திலேயே தன் வயிற்றெரிச்சல் புரிந்த ஒரே ஆள் இவன்தான் என்றும் தோன்றியது. தோலுக்கு அடியில் மருந்தைத் தூவினாள். எங்கே தூவ வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்படி மருந்து வைத்தவர்களோடு மல்லுக்கட்டிவிட்டு வந்து, அவர்கள் எப்படியெல்லாம் வைத்தார்கள் என்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனவர் அவர்தான்.

சிறுத்தைகளைக் காப்பாற்றும் அமைப்பு ஒன்றில் அவருக்கு வேலை. தெருவில் அவருக்குச் 'சிறுத்தைக்கு மச்சான்' என்று பெயர். "உங்க மச்சான் நேத்து எங்க கோழிக்கூடு வரைக்கும் வந்துட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டாரே" என்று கேலி செய்வார்கள். அவர் சிரித்துக்கொண்டே வீடு வீடாகப் போவார். குப்பையை வெளியில் கொட்டாதீர்கள், குப்பைக்கு நாய் வரும், நாய்க்குச் சிறுத்தை வரும் என்பார். ஆட்டுக்கொட்டிலுக்குக் கூரைவரை கம்பி வலை அடிக்கச் சொல்வார். ஆள்துணை இல்லாத வீடுகளில் தானே ஏணி போட்டு ஏறி அடித்துக் கொடுப்பார். சொந்த வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளைச் சரிசெய்ய மட்டும் அவருக்கு நேரம் கிடைத்ததில்லை.

அவர் சொல்லும் ஒரு பாடம் தெருவுக்கே மனப்பாடம். "உள்ள வந்துட்டா சுத்தி வளைக்காதீங்க. ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுட்டு ஒதுங்கிடுங்க. அதுக்கு நம்மகூடச் சண்டை ஒண்ணும் இல்ல. வீட்டுக்குப் போகணும், அவ்வளவுதான்."

"மாமியார் வந்தா நாங்களும் அதைத்தான் செய்யறோம்" என்பார் டீக்கடைக்காரர்.

நேற்று மாலை ஒரு நாயைத் துரத்திக்கொண்டு கொழுந்தனின் மரக்கடைக்குள் அது நுழைந்துவிட்டது. கடைக்கு முன்பக்கம் கதவே கிடையாது. லாரி நுழைகிற அகலத்துக்குத் திறந்தே கிடக்கும். பின்பக்கம் ஒரு ஷட்டர், அதைத் தாண்டினால் ஓடைக்கரைப் புதர். அவர் முன்பக்கம் நின்று கூட்டத்தை விரட்டிக்கொண்டிருந்தபோது அது அவர்மேல் பாய்ந்தது. அவளுக்குச் சொல்லப்பட்டது இவ்வளவுதான். யாருக்காகப் பேசிப் பேசித் தொண்டை வறண்டாரோ, அதுவே அவர் தொண்டையைக் கவ்வியது. நன்றிகெட்டது என்று நேற்றிலிருந்து அவள் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டிருந்தாள்.

ஆட்டைச் சாக்கால் மூடிவிட்டு, மிச்ச மருந்துப் பொட்டலத்தைக் கல்லுக்கு மேலிருந்த மாடத்தில் வைத்தாள். கைகளைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

உடலை அமைப்பின் ஜீப்பில்தான் கொண்டுவந்தார்கள். கழுத்துவரை வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. முகத்தில் காயமே இல்லை. தாடி மட்டும் ஒருநாள் வளர்ந்திருந்தது. பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். கொழுந்தன் அண்ணன் காலைக் கட்டிக்கொண்டு எழ மறுத்தான். அவனைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஜீப் டிரைவர் கூடத்துக்குள் வராமல் வாசலிலேயே நின்றான். அவரோடு கூடவே வேலை பார்த்தவன், நேற்றும் கூட இருந்தவன். அவள் அவனைக் கையைக் காட்டி அடுக்களைப் பக்கம் அழைத்தாள்.

"என்ன நடந்துச்சு? முழுசாச் சொல்லு."

"எப்பவும் செய்யறதுதான்க்கா செஞ்சோம். கடையில லைட்டை அணைச்சோம். அண்ணன் அவரு தம்பியைக் கூப்பிட்டு, பின்னாடி ஷட்டரை முழுசாத் தூக்கச் சொன்னாரு. தூக்கினதை நானே பாத்தேன். அப்புறம் அண்ணன் முன்பக்கம் போயிட்டாரு, நான் தெருமுனையில வண்டிங்களை நிறுத்தப் போனேன். முன்னாடி ஒரே கூட்டம், கையில கையில போனு. அண்ணன் கெஞ்சுறாரு, ஒருத்தன் நகரல."

"அப்புறம்?"

"மரக்கட்டை அடுக்குக்குப் பின்னாடியிருந்து எழுந்துச்சு." அவன் கூடத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். "முதல்ல அது பின்பக்கம்தாங்க்கா போச்சு. நான் திரும்பி வந்தப்பப் பாத்தேன், ஓடைப்பக்கம்தான் ஓடுச்சு. அப்பாடான்னு நெனச்சேன். மோதுற சத்தம் கேட்டுச்சு. ஷட்டர் மூடியிருந்துச்சு. திரும்பி வெளிச்சத்தைப் பாத்து வந்துச்சு. அண்ணன் ஒதுங்கியிருக்கலாம். பின்னாடி சின்னப் பிள்ளைங்க நின்னுச்சு, அதனால ஒதுங்கல."

"ஷட்டரை யாரு இறக்கினது?"

"தெரியலக்கா. காத்துல விழுந்திருக்கும்னு பேசிக்கறாங்க."

அந்த ஷட்டரை அவளுக்கு நன்றாகத் தெரியும். புயலடித்தாலும் விழாது. பாதியில் சிக்கிக்கொள்ளும். கைப்பிடியில் தொங்கி, அடிச்சட்டத்தில் ஓர் இடம் பார்த்து உதைத்தால்தான் இறங்கும். எந்த இடம் என்பது கொழுந்தன் ஒருவனுக்குத்தான் தெரியும். கடை ஆட்கள்கூடச் சாயங்காலம் அவன் வரும்வரை காத்திருப்பார்கள். அவர் ஒருதடவை வீம்புக்கு முயன்று கால் நகத்தைப் பெயர்த்துக்கொண்டு வந்தார். அவள் கட்டுப் போடும்போது, "என் தம்பிக்கு மட்டும்தான் அது அடங்கும்" என்று பெருமையாகச் சொன்னார்.

அவள் கூடத்துக்குப் போய்க் கொழுந்தன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து உன் வீட்டுக்காரர் பிள்ளைங்களுக்குத் துணையா வீட்டுல இருந்தேன்னு சொன்னாரே. பயந்துட்டாங்களா பிள்ளைங்க?"

"எங்கக்கா இருந்தாரு" என்று மூக்கைச் சிந்தினாள் அவள். "நாங்க மட்டும்தான் கதவைச் சாத்திக்கிட்டுக் கிடந்தோம். எல்லாம் முடிஞ்சப்புறம்தான் வந்தாரு. வந்ததும் சட்டையைக் கழட்டி ஊற வைக்கச் சொன்னாரு. தோள்பட்டை பூரா ஷட்டர் கிரீஸ், போகவே மாட்டேங்குது."

அவள் கொழுந்தன் மனைவியின் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்தாள். கால்கள் பழைய மாதிரியே நடந்தன. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பின்னால் போய் மாடத்திலிருந்த பொட்டலத்தை எடுத்தாள். கூடத்தில் கொழுந்தன் அவர் தலைமாட்டில் உட்கார்ந்து, சுருங்கிய துணியை நீவிவிட்டுக்கொண்டிருந்தான். காலையிலிருந்து ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை, அண்ணி கையால் கொடுத்தால்தான் குடிப்பான், கொஞ்சம் கொடும்மா என்று பக்கத்துவீட்டுக்காரர் வந்து சொன்னார்.

அடுப்பில் காப்பி சுடச்சுட இருந்தது. பொட்டலம் கையில் இருந்தது. அவள் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. செய்திருப்பாள். செய்யாமல் போனதற்குக் காரணம் கருணை இல்லை. இவன் இவ்வளவு சீக்கிரம் தப்பித்துப் போகக் கூடாது என்று தோன்றியதுதான் காரணம்.

டிரைவரைக் கூப்பிட்டுப் பொட்டலத்தை அவன் கையில் வைத்தாள். "இதை எடுத்துட்டுப் போயி யாரும் தொடாத மாதிரி அழிச்சிடு."

அவன் பொட்டலத்தைப் பார்த்தான். பின்வாசல் வழியாகத் தெரிந்த சாக்கையும் பார்த்தான்.

"நாளைக்கு அதிகாரிங்க வருவாங்கல்ல? அதைச் சுடலாமா, பிடிச்சு அடைக்கலாமான்னு என்னைத்தானே கேப்பாங்க?"

"ஆமாங்க்கா. வீட்டுக்காரங்க வார்த்தைதான் முக்கியம். தெருவே கொல்லணும்னு நிக்குது."

"எதுவும் வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்னு சொல்லிடறேன். எழுதியே தரேன்."

டிரைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணன் மாதிரியே பேசறீங்கக்கா" என்றான். அவள் மறுக்கவில்லை. சிறுத்தையின் மேல் அவளுக்கு அன்பு பிறந்துவிடவில்லை. நேற்று போலவே இன்றும் அதைப் பிடிக்கவில்லை.

அடக்கம் மதியத்துக்குமேல் நடந்தது. பெட்டியைத் தூக்கிய நால்வரில் முன்னால் நின்றவன் கொழுந்தன். அவள் தடுக்கவில்லை. சுமக்கட்டும் என்று விட்டாள். தெருவில் எல்லாரும் அவனைப் பார்த்து, தம்பின்னா இப்படி இருக்கணும் என்று பேசிக்கொண்டார்கள்.

எல்லாரும் கலைந்தபிறகு, வெயில் தாழும் நேரத்தில் அவன் பின்பக்கம் வந்து சாக்கைத் தூக்கக் குனிந்தான்.

"கீழ வை" என்றாள்.

"பொழுது போயிடும் அண்ணி."

"ஷட்டரை எதுக்கு இறக்கினே?"

அவன் நிமிரவில்லை. சாக்கின் முனையைப் பிடித்தபடியே இருந்தான்.

"உள்ளயே வச்சு அடைச்சிட்டா எல்லாரும் சேர்ந்து அடிச்சிடுவாங்கன்னு நெனச்சேன்" என்றான் கடைசியில். "அண்ணன் எப்பவும் தப்ப விட்டுடுவாரு. என் நாய்… குட்டியிலேருந்து வளத்தேன் அண்ணி. எலும்புகூடக் கெடைக்கல. அண்ணன் இன்னும் முன்னாடிதான் நிக்கறாருன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

"தெரியாதா? வேற யாரு நிப்பாங்க அங்க?"

அவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். காலைத் தொட வந்தான். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். "சொன்னா நாலு பேர் திட்டுவாங்க, போலீஸ் வரும், ஒருநாள் எல்லாம் முடிஞ்சு போகும். உனக்கு முடியக் கூடாது. அந்தச் சிறுத்தை சாகாது, நாளைக்கு எழுதிக் குடுத்துடுவேன். உன் கடைக்குப் பின்னாடிதான் இருக்கும், தினம் தண்ணிக்கு வரும். அது கத்துனா ரம்பம் அறுக்கற மாதிரியே இருக்கும்னு உங்க அண்ணன் சொல்வார். ரம்பம் எது, அது எதுன்னு தெரியாம நீ உக்காந்து கேக்கணும். அந்த ஷட்டரை இனிமே இறக்கக் கூடாது. பகல்லயும் சரி, ராத்திரியிலயும் சரி. நான் வந்து பாப்பேன்."

"அண்ணி…"

"அங்க கடப்பாரை இருக்கு. ஆட்டைப் புதைக்கணும். நாய் நரி தோண்ட முடியாத ஆழத்துக்கு."

அவன் தோண்டினான். மரக்கடைக்காரனின் கைகள், மண் வேலைக்குப் பழகாதவை, சீக்கிரமே கொப்புளம் கண்டன. அவள் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பளவு ஆழத்தில் அவன் நிறுத்தினான். போதாது என்றாள். மறுபடி குனிந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. ஆட்டை இறக்கும்போது, "மிச்ச மருந்து எங்க அண்ணி? அதையும் சேத்துப் புதைச்சிடலாம்" என்றான்.

"பத்திரமா இருக்கு."

அவன் மாடத்தைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. மண்ணைத் தள்ள ஆரம்பித்தான். மூச்சு வாங்கியது. நாக்கால் உதட்டை ஈரமாக்கிக்கொண்டான்.

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். காலையிலிருந்து அவளும் ஒன்றும் குடித்திருக்கவில்லை. பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு நின்றபடியே குடித்தாள். அதே டம்ளரில் மறுபடி மொண்டு, ததும்பாமல் எடுத்துவந்து அவனிடம் நீட்டினாள்.

"குடி. தாகமா இருப்பே."

அவன் மண் அப்பிய கையால் வாங்கினான். வாய்வரை கொண்டுபோனவன் நிறுத்தினான். தண்ணீரைப் பார்த்தான். மாடத்தைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அதில் அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

அவன் குடிக்கவில்லை, கீழே வைக்கவும் இல்லை. காலி டம்ளரை வாங்கிக்கொண்டு போவதற்காக அவள் அங்கேயே நின்றாள்.