துணைக்கு வருபவர் யார்?

அலுவலகத்தில் அவருக்குக் கணக்குப்புலி என்று பெயர். புற்றுநோய்க்கு இரண்டு சிகிச்சைகள் இருந்தால், எது எவ்வளவு ஆயுளைக் கூட்டுகிறது, அந்த ஆயுள் படுக்கையிலா நடமாட்டத்திலா, அதற்கு ஆகும் செலவு தகுமா என்று சீர்தூக்கிச் சொல்வது அவர் வேலை. அப்போது கையில் இருந்தது, ஆஸ்பத்திரிக்குப் போய் ஏற்றிக்கொள்ளும் மருந்துக்கும் வீட்டிலேயே விழுங்கும் மாத்திரைக்கும் நடுவிலான பஞ்சாயத்து. நோயாளிக்குத் துணையாக வருபவர்களின் நேரத்தையும் செலவில் சேர்க்க வேண்டும் என்றார் மேலதிகாரி.

"சும்மா வீட்ல இருக்கறவங்கதானே மேடம் வர்றாங்க? அவங்க நேரத்துக்கு என்ன விலை போடறது?" என்று இவர் மல்லுக்கட்டிப் பார்த்தார். ஜம்பம் பலிக்கவில்லை. வேண்டாவெறுப்பாக ஒரு கேள்வித்தாளைத் தயாரித்துக் கொடுத்தார்.

இத்தனைக்கும் இவருடைய அப்பாவுக்கும் அதே நோய், ஏற்றுவதும் அதே மருந்துதான். ஒவ்வொரு முறையும் அழைத்துப் போவது இவர் மனைவி. சும்மா வீட்டில் இருந்தவள் அல்ல. மாமனாருக்காகவே பள்ளிக்கூட வேலையை விட்டவள். அன்று அவளுக்குக் காய்ச்சல் அனலாய் அடித்ததால், முதல்முறையாக இவர் போக வேண்டியதாயிற்று.

அப்பா கையில் ஊசி ஏறி, மருந்து சொட்டத் தொடங்கியதும் ஒரு பெண் வந்து நின்றாள். கையில் இவர் தயாரித்த அதே கேள்வித்தாள். இவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

"மருந்து ஏத்தின மறுநாள் அப்பாவால என்ன சாப்பிட முடியுது சார்?"

"அது... வழக்கமா சாப்பிடறதுதான்."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"வாந்தி எத்தனை நாள் இருக்கும்?"

நூற்றுக்கணக்கான நோயாளிகளின் சராசரியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இந்த ஒரு நோயாளிக்கு எத்தனை நாள் என்று தெரியவில்லை.

"ராத்திரி அப்பாகூட யார் முழிச்சிருப்பாங்க சார்?"

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் இவன்தாம்மா," என்றார் அப்பா சட்டென்று. "கூட்டிட்டு வர்றது, வாந்தி அள்ளறது, ராத்திரி முழிக்கறது, எல்லாமே. தங்கமான புள்ள."

வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லத் தெரியாத மனிதர், பிள்ளையின் மானம் கப்பலேறாமல் இருக்கச் சொன்ன பொய் அது.

"வீட்ல உதவிக்கு வேற யாராவது இருக்காங்களா சார்?"

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அப்பா பொய்யர், இவர் அதைவிடக் கேவலம்.

"இல்லம்மா," என்றார். அவள் குறித்துக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது இவருக்கு.

மருந்து ஏறி முடிந்ததும் அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

கதவுச் சத்தம் கேட்டு மனைவி போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள். மாமனாரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"என்னங்க, கூட வர்றவங்கள விசாரிக்க ஒரு பொண்ணு வருவான்னு நர்ஸ் சொன்னாங்களே, வந்தாளா?"

"வந்தா."

"அடடா, இன்னிக்குன்னு பாத்து நான் போகல! இதுவரைக்கும் ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லீங்க. என்னென்ன சொல்லணும்னு யோசிச்சுகூட வெச்சிருந்தேன்." காய்ச்சல் முகத்தோடு சிரித்தாள். "நான் பாத்துக்கறதெல்லாம் நீங்க சொன்னீங்கல்ல?"

இவர் அப்பாவைப் பார்த்தார். இந்த முறை அப்பா வாயைத் திறக்கவில்லை.

"சொன்னேன்," என்றார் கணக்குப்புலி.

அவள் நிம்மதியாகப் படுத்துக்கொண்டாள்.