ஐந்தே முக்காலுக்கு மூடாத கேட்

டீச்சர் வீட்டு கேட் நாள் முழுக்கச் சொன்ன பேச்சைக் கேட்டது. மாலை ஐந்தே முக்காலிலிருந்து ஆறேகால் வரை மட்டும் திறக்கும், மூடாது. ரிமோட்டை அழுத்தினால் தூண் மேலிருக்கும் மஞ்சள் விளக்கு இரண்டு முறை மினுக்கும்; கேட் அசையாது. ஆறரைக்கு ஒன்றுமே நடக்காதது போல வழுக்கிக்கொண்டு போய்ச் சாத்திக்கொள்ளும்.

அதை மாட்டியவள் நான். மூன்று மாதம் ஒழுங்காக ஓடியது. பத்து நாளாகத்தான் இந்த வம்பு. மோட்டார், கட்டுப்பாட்டுப் பலகை, கேபிள் முனைகள், ரிமோட் பேட்டரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். சென்சார் ஜோடியையே புதிதாக மாற்றினேன். புதியதும் அதே அரை மணி நேரம் முரண்டு பிடித்தது. இதில் ஒரு கூத்து வேறு: டீச்சரின் கணவர் வந்து பூச்செடி ஓரமாக நின்றால் மட்டும் மூடும்.

"உங்க கேட்டு அவரைப் பாத்துத்தான் பயப்படுது, அக்கா," என்றார் டீச்சர் போனில்.

"ஆளைப் பாத்தா மரியாதை குடுக்குது?"

"நூத்திப் பத்து கிலோ. யாருக்குத்தான் பயம் வராது?"

சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். கணவர் கிரேன் ஓட்டுநர். திங்கட்கிழமை ஒரு அணைக்கட்டு வேலைக்குக் கிளம்புகிறார். திரும்ப ஆறு வாரமாகும். அதன் பிறகு டீச்சர் தனியாகத்தான் மூன்று வயது மகளைக் காப்பகத்திலிருந்து ஏற்றிக்கொண்டு வீடு சேர வேண்டும், அதுவும் சரியாக ஐந்து ஐம்பதுக்கு. குட்டிக்குக் காரை விட்டு இறங்கியதும் ஓடத்தான் தெரியும். போன செவ்வாய், டீச்சர் பையை எடுக்கக் குனிந்த நேரத்தில், திறந்து கிடந்த கேட் வழியாகச் சாலையின் நடுக்கோடு வரை போய்விட்டாள். லாரி ஒன்று பிரேக் போட்ட சத்தத்தில்தான் டீச்சர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார்.

"அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு, அக்கா. நாளைக்குள்ள ஒரு வழி பண்ணுங்க."

சனிக்கிழமை ஐந்து மணிக்கே போய்விட்டேன். கிரேன்காரர் வாசலில் நின்று யோசனை சொன்னார்.

"தங்கச்சி, அந்த சென்சாரையே கழட்டி எறிஞ்சிட்டா என்ன? தலைவலி போச்சுல்ல?"

"தலைவலி போகும், அண்ணே. முந்நூறு கிலோ கேட்டு, குட்டி நடுவுல நின்னாலும் நிக்காம வந்து மோதும்."

அவர் டீ எடுத்துவர உள்ளே போனார்.

சென்சார் என்பது இரண்டு கண்கள். கேட் பாதையின் இரு பக்கமும் முழங்கால் உயரத்தில் இரண்டு சிறு கம்பங்கள். மேற்கே இருப்பது ஒளியை அனுப்பும், கிழக்கே இருப்பது வாங்கும். அந்த ஒளி நமக்குத் தெரியாது. ஒரு நொடிக்குள் ஆயிரக்கணக்கான முறை அணைந்து எரியும். வாங்கும் கண் அந்தத் துடிப்பை மட்டும் தேடிக்கொண்டே இருக்கும். துடிப்பு வந்தால், 'வழியில் யாருமில்லை' என்று பலகைக்குச் சொல்லும். நின்றுவிட்டால் ஒரு குழந்தையோ நாயோ குறுக்கே வந்திருக்கிறது என்று அர்த்தம். பலகை கேட்டை மூட விடாது. ஐந்தே முக்காலுக்கு அங்கே குழந்தையும் இல்லை, நாயும் இல்லை. பின்னே எது?

நேரம் வந்தது. ரிமோட்டை அழுத்தினேன். விளக்கு மினுக்கியது, கேட் நின்றது. கிழக்குக் கம்பத்தின் அருகே காரைத் தரையில் உட்கார்ந்து, வாங்கும் கண்ணுக்குள்ளிருக்கும் குட்டிச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எரிந்தது, அதாவது துடிப்பு வரவில்லை. கிரேன்காரர் டீ டம்ளரோடு பூச்செடி ஓரம் போய் நின்றார். சிவப்பு அணைந்தது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" என்றார் டீச்சர், குட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு.

"அண்ணே, அசையாதீங்க. இப்ப ஒரு அடி வலது பக்கம் போங்க."

போனார். சிவப்பு எரிந்தது.

"திரும்பி வாங்க."

அணைந்தது.

"என்னங்க இது, ஆளை வெச்சு ரிமோட் பண்றாங்க?" என்றார் அவர் மனைவியிடம்.

"சும்மா நில்லுங்க. இந்த வீட்டுல நீங்க உருப்படியா பண்ற வேலை இது ஒண்ணுதான்."

அவர் நின்றது இரண்டு கண்களுக்கும் நடுவில் அல்ல, அனுப்பும் கம்பத்துக்கும் பின்னால். அங்கிருந்து ஒளியை அவர் மறைக்கவும் முடியாது, கூட்டவும் முடியாது. அவர் உடம்பிலிருந்து என் பக்கம் வந்து சேர்வது ஒன்றே ஒன்று. தரையோடு அதைத் தொடர்ந்து பார்த்தேன். நீளமான நிழல், பாதையைத் தாண்டி வந்து, தலைப் பாகத்தால் சரியாக வாங்கும் கண்ணை மூடியிருந்தது.

"விலகுங்க, அண்ணே!"

தரையில் படுத்து, கன்னத்தைக் காரையில் வைத்து, அந்தக் கண் பார்க்கும் கோட்டிலேயே ஒரு நொடி பார்த்தேன். அனுப்பும் கம்பத்தின் தலைக்கு மேலே, நாலு விரல் இடைவெளிகூட இல்லாமல், சூரியன். சட்டென்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடிய இமைக்குள்ளும் சிவப்பாக நின்றது. எனக்கு எப்படி ஒன்றும் தெரியவில்லையோ, அப்படித்தான் அதற்கும். ஆலைச் சங்கு ஊதும்போது காதில் சொன்ன ரகசியம் போல அந்தச் சின்னத் துடிப்பு வெயிலில் முழுகிப் போயிருந்தது.

மூன்று மாதம் முன்பு சூரியன் அங்கே இறங்கவில்லை. அடுத்த தெருக் கட்டடங்களுக்குப் பின்னால் எங்கோ இறங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நாளும் அடிவானத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பக்கத்துக் காலி மனைக்கு நேரே வந்து, இந்தப் பத்து நாளாக என் இரண்டு கம்பங்களோடு ஒரே கோட்டில் நிற்கிறது. பதினைந்து கோடி கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, எட்டு நிமிடத்துக்கு முன்னால் கிளம்பிய வெளிச்சம், சட்டைப் பொத்தான் அளவுள்ள கண்ணாடிக்குள் குறி தவறாமல் விழுகிறது. நான் அப்படியே படுத்துக் கிடந்தேன். டீச்சர் பயந்துவிட்டார்.

"அக்கா? மயக்கமா?"

"இல்ல டீச்சர். சூரியன்தான் குறுக்கே நிக்குது."

"எது, அந்தச் சூரியனா?" என்று கிரேன்காரர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் நெற்றிமேல் கை வைத்தபடியே நின்றார். "ஆத்தாடி. நான் அம்புட்டு பெருசையா மறைச்சேன்?"

தப்பு என்னுடையது. வயரிங் திட்டம் போட நான் எந்த வீட்டுக்கும் காலை பத்து மணிக்குத்தான் போவேன். எந்தக் கேபிள் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தாளில் கோடு கோடாக இருந்தது. சூரியன் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு கோடுகூட இல்லை.

கண்ணுக்கு மேலே தொப்பி போல ஒரு மறைப்பு போட்டாலும் வெயிலைத் தடுக்காது. வெயில் வருவது ஒளி வரும் அதே கோட்டில். வாங்கும் கண் மேற்கைப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான். இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். கிழக்கே திரும்பினால் காலை வெயில் தாக்குமோ என்று பார்த்தேன். அந்தப் பக்கம் அடுத்த வீட்டின் இரண்டு மாடிச் சுவர் நெருக்கமாக எழுந்து நிற்கிறது. கவலையில்லை.

ஆனால் அனுப்பும் கண்ணுக்கு மின்சாரத்துக்கு இரண்டு கம்பி போதும் என்று மேற்கே இரண்டு கம்பிக் கேபிளைத்தான் காரைத் தரைக்கு அடியில் விட்டிருந்தேன். வாங்கும் கண்ணுக்கு நான்கு வேண்டும்: மின்சாரத்துக்கு இரண்டு, பலகைக்குச் செய்தி சொல்ல இரண்டு.

"தரையை உடைக்கணுமா?" என்றார் கிரேன்காரர்.

மேற்குத் தூணில் கீபேட் இருக்கிறது. வண்டி ஓட்டுபவர் கண்ணாடியை இறக்கிக் கை நீட்டி ரகசிய எண்ணை அழுத்தும் பெட்டி. அதற்குப் போவது எட்டுக் கம்பிக் கேபிள். மூடியைத் திறந்து எண்ணினேன். மின்சாரத்துக்கு இரண்டு, எண்ணைச் சொல்ல இரண்டு, அழைப்பு மணிக்கு இரண்டு. பழுப்பும் வெள்ளையும் சும்மா சுருண்டு கிடந்தன.

"உடைக்க வேண்டாம், அண்ணே."

ஞாயிறு மதியம் முழுக்க வேலை. மாலை ஐந்து ஐம்பதுக்கு வானத்தில் ஒரு துணுக்கு மேகமில்லை. கிரேன்காரரை வீட்டுக்குள் அனுப்பினோம்; பூச்செடி ஓரம் காலியாக இருந்தது. டீச்சர் காரை உள்ளே விட்டு ரிமோட்டை அழுத்தினார். கேட் நகர்ந்தது. பாதி வழியில் நான் கண்களுக்குக் குறுக்கே காலை நீட்டினேன். உடனே நின்று பின்வாங்கியது. காலை எடுத்தேன். மறுபடி அழுத்தினார். கடைசி வரை போய்ச் சாத்திக்கொண்டது. குட்டி காரிலிருந்து குதித்து ஓடிப்போய்க் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பக்கம் போகிற லாரியைப் பார்த்துக் கையாட்டினாள். டீச்சர் நிதானமாகக் குனிந்து பையை எடுத்தார்.

ஒளியை அனுப்பும் கண் இப்போது கிழக்கே இருக்கிறது. வாங்கும் கண் மேற்கே, சூரியனுக்கு முதுகு காட்டிக்கொண்டு. அதன் செய்தி கீபேட் கேபிளில் மிச்சமிருந்த பழுப்பு, வெள்ளைக் கம்பிகளில் பலகைக்குப் போகிறது. கேட் எந்த நேரமும் மூடுகிறது.