முப்பத்திரண்டரை டிகிரி

1

இந்தக் கதை என் வீட்டு ஏசிக்குள்ளிருந்து கிடைத்தது. ஸ்டூல்மேல் ஏறி மூடியைக் கழற்றிக்கொண்டிருந்த மெக்கானிக், திருப்புளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். "சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டார். பதிலைக் கேட்டதும் இறங்கி அதே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

கைக்குழந்தை என்று நினைத்தேன். ஓணானாம். மகள் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் தாடி ஓணான். எட்டு நாளாக ஒரு புழுவைக்கூடத் தொடவில்லை.

நான் சும்மா இருந்தால் எதிரே இருப்பவர்கள் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறார்கள். என் தொழில் ரகசியம் அவ்வளவுதான்.

2

முதல் தொடக்கம்: "கண்ணாடிக்குள் ஒரு பாலைவனம் மெல்ல மெல்ல..." வேண்டாம். ஒரு 'மெல்ல'வுக்கே எனக்குக் கொட்டாவி வரும்.

இரண்டாவது: "அப்பா என்றால் அவளுக்கு எப்போதுமே" எப்போதுமே என்ன? அந்த மகளை நான் பார்த்ததே இல்லை.

நடந்ததையே சொல்லிவிடுகிறேன். மகள் பத்து நாள் பயிற்சிக்காக வெளியூர் கிளம்பினாள். ஓணானைத் தோழியிடம் விடுவதாகத்தான் இருந்தாள். "சூடு, குளிர்தானேம்மா? என் பொழைப்பே அதுதான்" என்று அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டியில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுப் போனாள்: விளக்குப் பக்கம் 40. எதிர்ப்பக்கம் 25.

அவருக்கு அது வளர்ப்புக் குறிப்பாகத் தெரியவில்லை, புகாராகத் தெரிந்தது. ஒரு மூலை வேகுது, ஒரு மூலை குளிருது என்று முப்பது வருஷமாக வாடிக்கையாளர்களிடம் பேச்சு வாங்கியவர். எல்லா மூலையையும் ஒரே சீராக்கித் தருவதில்தான் அவர் பெயரெடுத்ததும். இரண்டு எண்களையும் கூட்டினார், பாதியாக்கினார். விளக்கை நட்டநடுவுக்கு நகர்த்தி, பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய குட்டி விசிறியை உள்ளே மாட்டினார். நான்கு மூலையிலும் முப்பத்திரண்டரை. ஒரு புள்ளி பிசகவில்லை.*

* இதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. எட்டு நாள் பட்டினிக்குப் பிறகும் இருந்தது. அதற்காகவே அவரைக் கதைக்குள் இழுத்தேன்.

3

தினமும் சாயங்காலம் மகள் போனில் கேட்பாள். "சாப்பிட்டுச்சும்மா" என்பார். முதல் நாள் சொன்ன பொய், அடுத்த நாளிலிருந்து பழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து கையில் தூக்கினால் கனமே காட்டிக்கொடுத்துவிடும். ஓணான் பிழைக்குமா என்பது அவருடைய ஒரு பயம். இனி அவள் எதையாவது தன்னை நம்பிக் கொடுப்பாளா என்பது இன்னொன்று. இரண்டாவதை அவர் என்னிடம் சொல்லவில்லை. திருப்புளியை உருட்டிக்கொண்டே இருந்தார்.

ஏசியை மாட்டிவிட்டுப் போய்விட்டார். இனி வருவது முழுக்க என் இட்டுக்கட்டு.

4

[மெக்கானிக்கின் மனைவியை முதல் வரைவில் கதவோரம் நிற்க வைத்திருந்தேன். ஒரு வசனம்கூடத் தரவில்லை. அதை அடித்துவிட்டு, பெட்டி முன்னால் உட்கார வைக்கிறேன்.]

வேலை முடிந்து அவர் வந்தபோது மனைவி சால்வையைப் போர்த்திக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஓணான் கண்ணாடியில் மூக்கை உரசியபடி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போனது. திரும்பி வந்தது.

"அது இடம் தேடுதுங்க."

"எங்க வேணா இருக்கலாமே. எல்லா இடமும் ஒண்ணுதான்."

"அதத்தான் நானும் சொல்றேன். எங்க போனாலும் அதே இடம்னா, அது எங்கதான் போகும்?"

அவர் தெர்மாமீட்டரைக் காட்டினார்.

"எனக்குக் குளிருதுன்னு சொன்னாலும் இதத்தான் காட்டுவீங்க" என்றார் மனைவி.

(இப்படிப் பேசியிருப்பாரா? இரண்டு நாள் யோசித்தேன். முப்பது வருஷம் இருபத்து நாலு டிகிரி ஏசியில் தூங்கியவர் பேசாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.)

அவர் தெர்மாமீட்டரைக் கீழே வைத்தார். பிறகு குனிந்து சீட்டை மறுபடி படித்தார். எண்களுக்குக் கீழே மகள் பொடி எழுத்தில் இன்னொரு வரியும் எழுதியிருந்தாள்: "எப்ப எது வேணுமோ, அதுவே போய்க்கும்பா."**

 ** வெயில் காய்ந்தால்தான் ஓணானுக்கு இரை செரிக்குமாம். உடம்பில் சூடு ஏறிவிட்டால் குளிர்ந்த பக்கம் ஒதுங்குமாம். கதைக்காகத் தேடிப் படித்தேன். அவர் முதல் தடவை எண்களோடு நிறுத்திக்கொண்டவர்.

விசிறியைக் கழற்றினார். விளக்கைப் பழைய ஓரத்துக்கே தள்ளினார்.

5

முடிவுக்கு வருகிறேன். சூடான முடிவு ஒன்று கைவசம் இருக்கிறது: ஓணான் புழுவை லபக்கென்று விழுங்குகிறது, அப்பா மகளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறார், அவள் சிரித்துவிடுகிறாள். குளிர்ந்த முடிவும் உண்டு: நாள் கடந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோழி வீட்டுக்குப் போகிறாள், அப்பா பிடித்துக்கொள்ள நீட்டிய கையைப் பார்க்காதவள் போல.

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். பிறகு இரண்டையும் கலந்து, யாருக்கும் ரொம்ப வலிக்காத மாதிரி ஒன்றை எழுதினேன். படித்தபோது நான்கு மூலையிலும் முப்பத்திரண்டரை. கிழித்துப் போட்டேன்.

ஆகவே விளக்கு ஓரத்தில் எரிகிறது. அதன் கீழே ஓணான் உடம்பைத் தட்டையாக்கிப் படுத்திருக்கிறது. வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. (பசியா, சூடா என்று என்னிடம் கேட்காதீர்கள்.) தட்டில் ஒரு புழு நெளிகிறது. போன் அடிக்கிறது, மகள்தான். அவர் மனைவியைப் பார்க்கிறார்.

மனைவி உங்களைப் பார்க்கிறார்.