தேவிப்பிரியாவின் கழுத்து

கலைமகள் ஒரு கழுத்தை நம்பி மோசம் போனாள். அதுவும் தன் கழுத்தையா? இல்லை, பக்கத்து மெஷின் தேவிப்பிரியாவின் கழுத்தை.

நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் இரண்டு பேரும் ஓவர்லாக் டெய்லர்கள். ஒரே லைன், ஒரே ஷிஃப்ட், மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸில் இரண்டு கை. நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் தைத்தால் கழுத்து என்ன கல்லிலா செய்தது? கலைமகளுக்குப் பிடரியில் தொடங்கிய வலி தோளுக்கு இறங்கி, வலது கை விரல் வரைக்கும் வந்துவிட்டது. பெரியாஸ்பத்திரி டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "ஜவ்வு விலகி நரம்பை அழுத்துதும்மா. கழுத்துக்குப் பட்டை போடுங்க, இங்க வந்து எக்சர்சைஸ் பண்ணுங்க. யாருகிட்டயும் போய்க் கழுத்தைத் திருப்பிக்காதீங்க" என்று படித்துப் படித்துச் சொன்னார்.

பட்டை போட்டுக்கொண்டு லைனில் உட்கார முடியுமா? போன வருஷம் ஒருத்தி இடுப்புப் பட்டையோடு வந்தாள். மறுநாளே சூப்பர்வைசர் அவளை மெஷினிலிருந்து எழுப்பிப் பிசிர் வெட்ட உட்கார வைத்துவிட்டான். டெய்லர் என்ற பேரும் போச்சு, டெய்லர் சம்பளமும் போச்சு. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு கலைமகள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்த மெஷினால்தான். ஆகவே பட்டை பீரோவுக்குள் போனது, வலி உடம்புக்குள்ளேயே இருந்தது.

தேவிப்பிரியாவுக்கும் அதே வலிதான். ஆனால் அவளுக்குத் தீர்ந்துவிட்டதாம்! ஒருநாள் டீ இடைவேளையில் லைன் நடுவே நின்று, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"ஏனுக்கா, பாருங்க! டக்குனு ஒரே திருப்பு. போன வலி போனதுதான். கைரோ வைத்தியமாம், எலும்பைச் சொடுக்கி உடறது. மாத்திரையில்ல, ஊசியில்ல."

"ஆஸ்பத்திரில திருப்பக் கூடாதுன்னு சொன்னாங்களே புள்ள?"

"எனக்குந்தான் சொன்னாங்க. நான் உங்க முன்னாடி நிக்கறனா இல்லையா?"

நிற்கத்தான் நின்றாள். அதற்கு மேல் கலைமகள் என்னத்தைக் கேட்பாள்? டாக்டர் சொன்னது காதோடு போயிற்று, தேவியின் கழுத்தோ கண்ணெதிரே திரும்பிக்கொண்டிருந்தது. எவனோ விளம்பரத்தில் சொல்லியிருந்தால் தூ என்று துப்பியிருப்பாள். சொன்னவள் தேவி ஆயிற்றே!

ஞாயிற்றுக்கிழமை தேவியே தன் ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். ஏசி போட்ட அறை, நடுவில் ஒரு கட்டில், கட்டிலைப் பார்த்தபடி ஸ்டாண்டில் ஒரு செல்போன். அந்த வைத்தியத்தை முறையாகப் படித்தவர்கள் படத்தைப் பார்க்காமல் பிடரியில் கை வைக்க மாட்டார்கள். இந்த ஆள் எங்கே படித்தானோ, அவன் படத்தைக் கேட்கவே இல்லை. கலைமகளே பையைத் திறந்து எக்ஸ்ரேவை எடுக்கப் போனாள். தேவி அவள் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"அதெல்லாம் எதுக்குங்க்கா? சந்தேகப்பட்டு வந்தா குணமாகாது."

கலைமகள் பையை மூடிவிட்டாள். வைத்தியன் தாடையைப் பிடித்தான், பேச்சுக் கொடுத்தான், வெடுக்கென்று திருப்பினான். காய்ந்த சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். அடி ஆத்தே! சும்மா சொல்லக் கூடாது, எழுந்து உட்கார்ந்தபோது தலையே இல்லாத மாதிரி லேசாக இருந்தது. "பஞ்சாட்டம் இருக்குதுங்க!" என்று வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து அப்படிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் செல்போன் பிடித்துக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் காப்பி டம்ளரை எடுத்தாள். டம்ளர் நழுவிக் கீழே விழுந்தது. இன்னொரு தரம் எடுத்தாள், இன்னொரு தரம் விழுந்தது. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொட்டன, பிடிக்கத்தான் இல்லை. துணியைப் பிடிக்காத கை டெய்லருக்கு எதற்கு? சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் காய்ச்சல் என்று பொய் சொன்னாள். தேவிக்குப் போட்டாள். அவள் எடுக்கவே இல்லை.

பெரியாஸ்பத்திரி டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், விரலை மடக்கச் சொன்னார். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"யாரும்மா திருப்புனது?"

"கை பழையபடி வந்துருமுங்களா?" என்றாள் கலைமகள்.

"ஸ்கேன் எடுத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். மொதல்ல பக்கத்து ரூம்ல போய்ப் பட்டை மாட்டுங்க."

பக்கத்து அறையில் பச்சைத் திரை பாதி விலகியிருந்தது. உள்ளே நாற்காலியில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தாடையில் வார் மாட்டி, மேலே கயிறு கட்டி, எடை போட்டுக் கழுத்தை இழுத்து வைத்திருந்தார்கள். தேவிப்பிரியா! அவளால் தலையைத் திருப்ப முடியவில்லை, கண் மட்டும் இந்தப் பக்கம் உருண்டது.

"எத்தனை நாளா புள்ள இங்க வர்ற?"

"ரெண்டு மாசமாங்க்கா."

"என்னைக் கூட்டீட்டுப் போனது இந்த ஞாயித்துக்கெழமை."

தேவியின் கண்ணில் தண்ணீர் கோத்தது.

"லைன்ல நின்னு திருப்பித் திருப்பிக் காட்டுனயே, அது?"

"பல்லைக் கடிச்சுட்டுத் திருப்புனேனுங்க்கா. மொத நாளு நெசமாவே லேசா இருந்துச்சு. நாலு நாள்ல பழையபடி வந்துருச்சு. ஆளுகளைக் கூட்டியாந்தா அங்கியே முன்னாடி ரூம்ல உக்கார்ற வேல தர்றேன்னாங்க. என்னால இனி மெஷின்ல குனிய முடியாதுங்க்கா. வேற வழி தெரியல."

கலைமகளுக்கு நெஞ்சு பற்றி எரிந்தது. கூட இருந்தே குழி பறித்திருக்கிறாள்! "ஊரான் ஏமாத்தீருந்தா சனியன் தொலைஞ்சுதுன்னு போயிருவேன். நீ என் சோத்துல கை வெச்சுத் தின்னவ. படத்தை எடுத்த கையை அமுக்குனயே, அப்பக்கூட உனக்கு உறைக்கலயா?"

அப்போது கலைமகளின் போன் அடித்தது. இடது கையால் எடுத்தாள். சண்முகப்பிரியா. கம்பெனியில் கலைமகளுக்குப் பக்கத்தில் நின்று பீஸ் மடித்துக் கொடுக்கும் பெண்.

"அக்கா, உங்க வீடியோ பாத்தேனுங்க! என்னமா சிரிக்கறீங்க! எனக்கும் இந்தக் கழுத்து உயிர் போகுதுல்ல, அதான் லீவு போட்டுட்டு அந்த வைத்தியர்கிட்டயே வந்துட்டேன். அடுத்தது நாந்தானுங்க."

உண்மையைச் சொன்னால் சாயங்காலத்துக்குள் லைன் முழுக்கத் தெரிந்துவிடும். கை விழுந்த டெய்லருக்கு எவன் மெஷின் கொடுப்பான்? போனில் வந்த குரல் தேவிக்கும் கேட்டது, அவளுக்கும் அது புரிந்துவிட்டது. வாரில் மாட்டிய வாயோடு முணுமுணுத்தாள். "சொல்லாதீங்க்கா. உங்க சீட்டு போயிரும்."

"கண்ணு," என்றாள் கலைமகள் போனில், "எந்திரிச்சு வெளிய வா."

"ஏனுங்க்கா?"

"கழுத்துல அவனைக் கை வெக்க உடாத. என் வலது கை விழுந்துருச்சு. துணி பிடிக்க வரல."

"வீடியோல சிரிச்சீங்களேங்க்கா? அது பொய்யிங்களா?"

"அன்னிக்கு நெசமாத்தான் கண்ணு சிரிச்சேன். இன்னிக்கு டம்ளர் தூக்க முடியல. கம்பெனில கேட்டா இதையே சொல்லு. மறைக்க வேண்டாம். மொதல்ல நீ வெளிய வா."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தமும், கதவுச் சத்தமும், ரோட்டில் பஸ் போகும் சத்தமும் கேட்டன. அதுவரைக்கும் கலைமகள் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு எடுத்து மடியில் வைத்தாள். வாருக்குள் அசையாமல் இருந்த அந்தக் கழுத்தைப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் தேவி. இந்த ஒரு பேச்சை நீ சொல்லீருந்தீன்னா என் கை எனக்கு இருந்திருக்கும்."