ஆறு பேரில் ஒருத்தி

லைட்ஹவுஸ் குப்பத்துச் சவரியப்பனின் மகள் மார்கரெட் மெட்ராஸ் விளையாட்டு விடுதிக்குப் போனது படிப்புக்காக அல்ல. பொன்னேரியில் நடந்த பள்ளி விளையாட்டுப் போட்டியில் அவள் உடம்பு வளைவதைப் பார்த்துவிட்டு, அந்த விடுதியில் பயிற்சி கொடுக்கும் சாமுண்டீஸ்வரி டீச்சர் குப்பத்துக்கே தேடி வந்துவிட்டார்.

"ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ்னு பேரு. ஆறு பொண்ணுங்க பாட்டுக்கு ஏத்தமாதிரி வளையத்தை வெச்சிக்கிட்டு ஒண்ணா ஆடணும்" என்றார் டீச்சர்.

"வளையம் சுத்தறதுக்கா பொட்டப்புள்ளைய மெட்ராசுக்கு அனுப்புவாங்க?" என்று அவள் அம்மா மரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சவரியப்பன்தான் சொன்னார். "மீன் காய வெக்கத்தான் நாம கீறோமே. அது போவட்டும்."

அப்போது மார்கரெட்டுக்குப் பன்னிரண்டு வயது. குப்பத்தை ஒட்டிய ஏரிக்கு அக்கரையில், பழவேற்காட்டிலிருந்து வந்த ராபியாவும் அதே விடுதியில் இருந்தாள். இருவரும் ஒரே குழுவில் சேர்ந்தார்கள். ஆட்டத்தின் கடைசியில் ராபியா வளையத்தை உயரே வீசுவாள். மார்கரெட் தரையில் ஒரு கரணம் போட்டு எழுந்து அதைப் பிடிக்க வேண்டும். "எறியறதுக்கு முன்னாடி ஒருத்தர் கண்ண ஒருத்தர் பாருங்க. அப்புறம் கை தானா வரும்" என்பார் டீச்சர்.

சவரியப்பன் ஒருமுறை விடுதிக்கு ஒரு கூடை இறாலோடு வந்தார். பயிற்சிக்கூடத்தின் மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்தார். மகள் வளையத்தைப் பிடித்ததும் கைகொட்டிச் சிரித்துவிட்டார். "இன்னாம்மா இது! கீழ வுழறதுக்குள்ள எப்பிடிம்மா புடிக்கிற?" என்று ஊருக்குக் கிளம்பும்வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

அவள் விடுதிக்கு வந்த நாலாம் வருஷம், எண்பத்து மூன்று டிசம்பரில், ஐதராபாத்தில் தேசியப் போட்டி. கிளம்புவதற்கு முந்தின நாள் பயிற்சியில் ராபியாவின் கண்கள் சிவந்திருந்தன.

"இன்னாடி ஆச்சு?"

"ஜலதோஷம்."

ரயிலில் மார்கரெட்டுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. ஒருத்தி தன் பங்கு முறுக்கை எடுத்து நீட்டினாள். டீச்சரே அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்டார். கடைசிப் பிடி தன்னுடையது என்பதால்தான் எல்லோரும் தன்னைத் தாங்குகிறார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அன்று ஆட்டம் பிசகவேயில்லை. வளையம் கைக்கு வந்து சேர்ந்தபோது அரங்கமே எழுந்து கைதட்டியது. இரண்டாம் பரிசு. மார்கரெட் துள்ளிக் குதித்துத் திரும்பினாள். கூட ஆடிய ஒருத்தியும் சிரிக்கவில்லை.

உடை மாற்றும் அறையில் டீச்சர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"மார்கரெட், உங்க நைனா போன படகு திங்கக்கெழம முகத்துவாரத்துல கவுந்துடுச்சும்மா. அவரு போயிட்டாரு."

"இன்னிக்கு வியாழக்கெழம" என்றாள் மார்கரெட்.

"அடக்கம் பண்ணிட்டாங்கம்மா. நீ இல்லன்னா அஞ்சு பேரு. அஞ்சு பேர ஆட விடமாட்டாங்க. உங்கம்மாவே சொல்லிட்டாங்க, ஆடி முடிக்கட்டும்னு."

மார்கரெட் ராபியாவைப் பார்த்தாள். ராபியா தலை நிமிரவில்லை.

குப்பத்துக் கல்லறையில் புது மண் மழையில் அமுங்கிக் கிடந்தது. அதன் எதிரே நின்றபோதும் மார்கரெட்டுக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு அம்மா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நான்தான் சொல்ல வேணாம்னேன். எத்தினி வருசம் ஒழைச்ச. உங்க நைனா இருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பாரு."

"அவரு மூஞ்சிய எனக்குக் காட்டாம பொதைக்கச் சொல்லியிருப்பாரா?"

மரியம்மா எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளினாள்.

பொங்கல் கழிந்து மார்கரெட் மெட்ராசுக்குத் திரும்பினாள். பழையபடி பாட்டு ஒலித்தது. ராபியா வளையத்தோடு அவள் கண்ணைப் பார்த்தாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் மார்கரெட்டுக்கு, இப்போது இவள் எதை மறைக்கிறாளோ என்று தோன்றியது. வளையம் அவள் தோளில் பட்டுத் தரையில் உருண்டது. மறுநாளும் உருண்டது. அந்த மாதம் முழுக்க டீச்சர் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். பிறகு ஒரு சின்னப் பெண்ணை அந்த இடத்தில் நிறுத்தினார். யாரும் மார்கரெட்டைப் போகச் சொல்லவில்லை. பரீட்சை முடிந்ததும் அவளே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள்.

நாலைந்து வருஷம் கழித்து, ஒரு மதியம் படகிலிருந்து ராபியா இறங்கினாள். இடுப்பில் குழந்தை. மார்கரெட் மணலில் நெத்திலியைப் பரப்பிக்கொண்டிருந்தாள்.

மார்கரெட் போன மறுவருஷமே குழு கலைந்துவிட்டது என்றாள் ராபியா. டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டதாம். சொல்லிவிட்டு, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தாள்.

"டீச்சர் எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க மார்கரெட். உன்கிட்ட சொல்லியிருந்தா, நீ எப்பிடி ஆடியிருப்ப?"

"ஆடியிருப்பேன்."

ராபியா நிமிர்ந்து பார்த்தாள்.

"அழுதுக்கினே ஆடியிருப்பேன். நைனா போயிட்டாருனு தெரிஞ்சி, அவருக்குனு ஆடியிருப்பேன். எவளுக்குமே அது தோணல இல்ல?"

ராபியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் மடியிலிருந்து நழுவிய குழந்தை ஒரு நெத்திலியை எடுத்து வாயில் வைக்கப் போனது. மார்கரெட் அதைப் பிடுங்கிப் போட்டாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வெயில் படாமல் படகின் நிழலில் போய் உட்கார்ந்தாள்.