காற்று மெத்தைக்கு ஏறிய வழி

விடியற்காலையில் கணவரை ஒருக்களித்துப் புரட்டிய ஷோபா, அவர் தொடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். வரிசையாக ஐந்து சிவப்புத் தடிப்புகள். நேற்று இல்லாதவை.

"வலிக்குதாங்க?"

"இடுப்புக்குக் கீழ எது கடிச்சாலும் எனக்குத் தெரியாதே. நீதான் பாத்துச் சொல்லணும்," என்றார் ஜெயராமன்.

துறைமுகத்தில் கப்பல்களைக் கயிற்றால் பிணைத்து நிறுத்தும் வேலையில் இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் ஜெட்டியில், கப்பல் அணையும் மேடையில், வழுக்கி விழுந்து முதுகெலும்பு முறிந்தது. அன்றிலிருந்து இந்தக் காற்று மெத்தைதான் அவருக்குத் துணை. கட்டிலடியில் தரையில் இருக்கும் சின்ன பம்ப், குழாய் வழியாகக் காற்றை அனுப்பும். மெத்தையின் அறைகள் மாறி மாறி உப்பித் தணியும். உடம்பு ஒரே இடத்தில் அழுந்தாது. பூச்சிக்கடி புண்ணாகிவிட்டால் ஆறுவது கஷ்டம் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மருந்தடிக்கவும் வழியில்லை. நாள் முழுக்க அதே அறையில் படுத்திருப்பவர் அந்த நெடியில் எங்கே போவார்?

"ரூபாவை அனுப்பி ஆறு நாளாச்சு. இன்னும் கடிக்குதே!" என்று முணுமுணுத்தாள் ஷோபா.

ரூபா, பெரார்கஞ்சிலிருந்து தினம் ஷாதிபூருக்கு பஸ் ஏறி வந்து ஜெயராமனைக் குளிப்பாட்டி, இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போட்டவள். முன்னொரு காலத்தில் ராஞ்சிப் பக்கத்திலிருந்து காட்டு வேலைக்கு வந்து தீவிலேயே தங்கிவிட்ட குடும்பம். மெத்தையில் முதல் மூட்டைப்பூச்சியை, இங்கே எல்லாரும் சொல்கிற கட்மலை, பார்த்த அன்றே ஷோபா, "கட்மல் உங்க குடிசை பஸ்தியிலேர்ந்துதான் வந்திருக்கு. நாளைலேர்ந்து வராதே," என்று சொல்லிவிட்டாள். ரூபா அவரை ஒரு தரம் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

"கட்டிலைச் சுவத்தை விட்டுத் தள்ளிப் போட்டாச்சு. நாலு காலும் சோப்புத் தண்ணிக் கிண்ணத்துல நிக்குது. மெத்தைக்கு ஜிப் வச்ச உறை மாட்டியாச்சு. இனி பறந்தா வருது?"

"அதுக்குப் பறக்கத் தெரியாதும்மா. நடந்துதான் வருது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு நாளா பாக்கறேன். நாலரைக்கெல்லாம் வெளுக்குதுல்ல, அப்ப ஒவ்வொண்ணா வீட்டுக்குத் திரும்பும்."

"சொல்லக் கூடாதா?"

"சொல்ல வந்தேன். நீங்க சும்மா படுங்கன்னுட்டு நீ சோப்புத் தண்ணி கலக்கப் போயிட்டே. இப்பவாவது அந்தக் குழாயைப் பாரு."

ஷோபா டார்ச் அடித்துக் குனிந்தாள். மெத்தையிலிருந்து தரைக்குத் தொங்கிய காற்றுக் குழாயில், ரத்தம் குடித்து உப்பிய ஒரு பூச்சி நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமே இல்லை. தனக்கென்று போட்ட பாதை போல.

"கப்பல் வந்து நின்னதும் ஒவ்வொரு கயித்துலயும் வட்டத் தகடு மாட்டுவோம், பாத்திருக்கியா? எலி கயித்து வழியாத்தான் போகும் வரும். நீ நாலு காலையும் கடல்ல நிறுத்திட்டு, கயித்தை விட்டுட்டே."

ஷோபா அவரையே பார்த்தாள். அசைய முடியாத மனிதர் என்று இரண்டு வருடமாக நினைத்திருந்தாள். அவர் இந்த அறையை ஒரு ஜெட்டியைப் போலக் காவல் காத்திருக்கிறார்!

பூச்சி பம்பைத் தாண்டி, அதன்மேல் சாய்ந்திருந்த பையின் தையலுக்குள் நுழைந்தது. போன மாதம் மெயின்லேண்டிலிருந்து, எந்தெந்த லாட்ஜ்களிலோ தங்கிவிட்டு வந்த அவள் தம்பி ரவிசங்கர் விட்டுப்போன பை. தையலைப் பிரித்தாள். உள்ளே கரும்புள்ளிகள், வெள்ளை முட்டைகள், பூச்சிகள், ஒரு குடியிருப்பே.

"ஐயோ, என் தம்பி பையா?"

ஜெயராமன் பம்பையும் கட்டில் கம்பியையும் சுட்டிக் காட்டினார்.

பையை பிளாஸ்டிக் உறையில் போட்டு இறுகக் கட்டினாள். பம்பைத் தூக்கி, அதிலிருந்த கொக்கியாலேயே கட்டில் கம்பியில் மாட்டினாள்.

"கரன்ட் வயரு?"

"அதுவும் கயிறுதான்," என்றார் அவர். இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை வயரில் சுற்றினாள். கட்டில் மூட்டுகளில் ஒளிந்திருப்பவை சாகக் கொதிக்கிற தண்ணீர் ஊற்ற வேண்டும். அதற்கு அவரைத் தூக்கி மாற்ற இன்னொருத்தர் வேண்டும். பக்கத்து வீட்டுப் பங்கஜத்தைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு பெரார்கஞ்ச் பஸ் ஏறினாள்.

ரூபா முற்றத்தில் பாக்கு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஷோபாவைப் பார்த்ததும், அக்கா என்பதற்கு வழக்கமாகச் சொல்லும் ‘தீதி’யோடு அவள் கேட்ட முதல் கேள்வி:

"தீதி, அண்ணனை இப்ப யார் புரட்டறாங்க?"

ஷோபா திட்டு வாங்கத் தயாராக வந்திருந்தாள். இதற்குத் தயாராக வரவில்லை. துரத்தப்பட்டவளின் மனசு ஆறு நாளும் அந்தக் கட்டிலோரமே நின்றிருக்கிறது. ஷோபா எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"வரேன். அண்ணனுக்காக," என்றாள் ரூபா. "ஆனா, உங்க தெருவுல நான் வாரக் கடைசியில துணி துவைக்கற ரெண்டு வீட்டுலயும் வராதேன்னுட்டாங்க. ரூபா கட்மல் கொண்டாருவான்னு நீங்க சொன்னீங்களாம். கட்டிலை வெந்நீர்ல கழுவிடலாம் தீதி. இந்தப் பேரை எதால கழுவறது?"

இருவரும் ஷாதிபூர் திரும்பியபோது வாசலில் நின்ற பங்கஜம் முகம் சுளித்தாள். "என்னடி, கட்மல்காரியை மறுபடியும் கூட்டிட்டு வரே?"

ஷோபா ரூபாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மாடி வரைக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

"பூச்சி வந்தது என் தம்பி பையிலக்கா! பூச்சியைத் தேடாம, பழி போட ஒரு ஏழையைத் தேடினேன். அந்த ஆறு நாளும் அது நிம்மதியா இவர் ரத்தத்தைக் குடிச்சுது. கட்மலுக்கு பங்களாவும் ஒண்ணு, பஸ்தியும் ஒண்ணு. நமக்குத்தான் வித்தியாசம். யாரையும் கை காட்டறதுக்கு முன்னாடி நம்ம கட்டிலடியைக் குனிஞ்சு பாக்கணும்க்கா."

பங்கஜம் வாசலை விட்டு விலகி வழிவிட்டாள். ரூபா உள்ளே போய் ஜெயராமனைப் புரட்டினாள். ஷோபா, ரூபாவை நிறுத்திய இரண்டு வீடுகளில் முதல் வீட்டின் கதவைத் தட்டப் போனாள்.