இரண்டு இஞ்சி வால்வு

"அவர் அப்படிச் சொன்னதா எனக்கு ஞாபகமில்ல, சேர்."

இதைச் சொன்னவள் மின்ஹா. பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில், துணிக்குச் சாயம் போடும் தொழிற்சாலையில் பொறியியலாளர். சொல்லி ஒரு கிழமை ஆகிறது. பொய், பச்சைப் பொய். அன்றிலிருந்து மடவளை வீட்டில் அவள் ஒரு பிடி சோறு ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "என்ன மகள், வேலையில ஏதும் கரைச்சலா?" என்று உம்மா கேட்டபோது, "ஒண்டுமில்ல உம்மா" என்று இன்னொரு பொய்.

நடந்தது இதுதான். நான்கு மாதத்துக்கு முன், சாயப் பகுதிக்கு நீராவி தரும் பொயிலருக்குள் தண்ணீர் விடும் கன்ட்ரோல் வால்வு பழுதாகி, புதியது வாங்கும் பொறுப்பு மின்ஹாவின் தலையில் விழுந்தது. எவ்வளவு தண்ணீர் போக வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் வால்வின் அளவைத் தீர்மானிக்க வேண்டும். பொயிலர் மணிக்குக் குடிப்பது மூன்று தொன். சாயப் பகுதிக்காரர்கள், எதற்கும் இருக்கட்டும் என்று நான்கு என எழுதிக் கொடுத்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மின்ஹா அதை ஐந்தாக்கினாள். வால்வு விற்கிறவன் சும்மா விடுவானா? குழாயின் விட்டம் இரண்டு இஞ்சி, வால்வும் இரண்டு இஞ்சியாகவே இருக்கட்டும், பொருத்தச் சுகம் என்றான். அவளும் கையெழுத்து வைத்தாள். ஆளுக்குக் கொஞ்சமாக, நல்லெண்ணத்தோடுதான் ஊதிவிட்டார்கள். ஒரு இஞ்சி வால்வே தாராளமாகப் போதும் இடத்தில் இந்தப் பூதம் வந்து உட்கார்ந்தது.

அளவுக்கு மீறிய வால்வு என்ன செய்யும்? மயிரிழை திறந்தாலே தண்ணீர் குபுகுபுவென்று பாய்ந்து பொயிலரை நிரப்பும். உடனே மூடிக்கொள்ளும், மட்டம் சரிந்துவிடும். நாள் முழுக்க இதே கூத்து. பொயிலரைப் பார்த்துக்கொள்ளும் முத்துலிங்கம் இருபத்திரண்டு வருடம் அந்தச் சூட்டில் நின்றவர். இரண்டாம் நாளே வந்து சொன்னார்.

"மிஸ், வால்வு ரொம்பப் பெருசா இருக்குங்க. கண்ணாடியில தண்ணி மட்டம் ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குது."

"கணக்குப் பாத்துத்தான் எடுத்தேன். நீங்க உங்கட வேலையப் பாருங்க" என்றாள் அவள்.

அவர் தன் வேலையைத்தான் பார்த்தார். அதே குழாயில், புது வால்வுக்குச் சற்று முன்னால், கையால் திருகும் வால்வு ஒன்று இருந்தது. அதை முக்கால்வாசி மூடி, வரும் தண்ணீரை நெருக்கினார். பூதம் அடங்கியது, மட்டம் ஆடாமல் நின்றது. தன் கணக்குத்தான் வென்றது என்று மின்ஹா நினைத்துக்கொண்டாள், பாவி.

போன செவ்வாய்க்கிழமை அவசர ஓடர் ஒன்று. பொயிலர் பக்கம் ஒரு வார்த்தை சொல்லாமல், சாயப் பகுதியில் எல்லா இயந்திரங்களையும் ஒன்றாக ஓட்டினார்கள். முத்துலிங்கம் பகல் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். நெருக்கி வைத்த தண்ணீர் போதவில்லை. மட்டம் இறங்கி, பொயிலர் தானாகவே நின்றுவிட்டது. நல்லவேளை, வெடிக்கவில்லை. சாயத்தில் கிடந்த துணியெல்லாம் திட்டுத்திட்டாகிப் பாழ்.

முகாமையாளர் நிஸாமின் அறையில் விசாரணை. கைவால்வை மூடியது தான்தான் என்று முத்துலிங்கம் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். "வால்வு பெருசுன்னு மிஸ்கிட்ட அப்பவே சொன்னேங்க, சேர். அவங்க கேக்கல." எல்லாத் தலைகளும் மின்ஹா பக்கம் திரும்பின. வேலைக்கு வந்து பதினொரு மாதம், இன்னும் நிரந்தரமாக்கவில்லை. வாய் தானாக அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டது. முத்துலிங்கம் அவளை ஒரு தடவை பார்த்தார். கோபமில்லை. ஐயோ, நாலு வார்த்தை ஏசியிருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்!

மறு அறிவித்தல் வரை அவரை வர வேண்டாம் என்றார்கள். புதிதாகப் போட்ட ஆள் கைவால்வை முழுதாகத் திறந்துவிட்டான். அன்றே பொயிலர் மூன்று முறை நின்றது. மின்ஹா கணக்கை மறுபடி போட்டாள். முத்துலிங்கம் சொன்னதுதான் விடையாக வந்தது. இன்று காலை, தாளை எடுத்துக்கொண்டு நிஸாமின் அறைக்குப் போனாள். அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"சேர், பிழை என்ட கணக்குல. அந்த இடத்துக்கு ஒரு இஞ்சி வால்வுதான் சரி. முத்துலிங்கம் செஞ்ச வேலையாலதான் இவ்வளவு நாளும் பொயிலர் ஓடியீக்கி."

நிஸாம் தாளை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கென்ன மின்ஹா, யாருக்கும் பிழை வாரதுதானே. சின்ன வால்வுக்கு ஓடர் போடுங்க."

அவ்வளவுதானா! இதற்காகவா ஒரு கிழமை பட்டினி கிடந்தாள்? நெஞ்சு லேசாகி, "அப்ப முத்துலிங்கத்த எப்ப வரச் சொல்ற, சேர்?" என்றாள்.

"அவர எடுக்க ஏலாது." நிஸாம் மேசையிலிருந்த கடிதமொன்றை அவள் பக்கம் தள்ளினார். "வால்வ மூடினதுக்கு ஒரு எச்சரிக்கையோட விட்டிருப்பேன். தன்ட தலையக் காப்பாத்த உங்க மேல பழி போட்டாரே, விசாரணையில பொய் சொல்லி! அதுக்குத்தான் வேலைய விட்டு நிப்பாட்டுறோம். இண்டைக்கே கடிதம் போகுது."

மின்ஹா வாசித்தாள். 'பொய்ச் சாட்சியம்' என்றுதான் இருந்தது, வால்வைப் பற்றி ஒரு வரியுமில்லை. கணக்குப் பிழையை ஒப்புக்கொண்டு நல்ல பெயரும் வாங்கியாயிற்று. எழுந்து போனால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. அவள் எழும்பவில்லை.

"அவர் பொய் சொல்லல்ல, சேர். ரெண்டாம் நாளே வந்து சொன்னார். பொய் சொன்னது நான்."

நிஸாம் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பேனையை எடுத்து முத்துலிங்கத்தின் பெயரை வெட்டினார்.

"உங்கட முழுப் பேரச் சொல்லுங்க" என்றார்.

மின்ஹா சொன்னாள்.